உள்ளங்கையில் ஒரு குடித்தனம்

பிப்ரவரி 9
கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் போகமாட்டேன் என்கிறது. மாசமாக இருந்தால் கை கால் வீங்குமாம், சரி. வலது கட்டைவிரலுக்கு அடியில் மட்டும் புளியங்கொட்டை அளவுக்கா? வயிற்றில் ஒரு குடித்தனம் போதாதென்று உள்ளங்கையிலும் ஒன்று. பார்லரில் இன்று வந்த தலைகளையெல்லாம் விரல் நுனியாலேயே வெட்டி ஒப்பேற்றினேன்.

பிப்ரவரி 27
புளியங்கொட்டை இப்போது கோலிக்குண்டு. மாமியாரிடம் காட்டினேன். "ஆசைப்பட்டத வாய்விட்டுக் கேக்காம அடக்கி வச்சா இப்படித்தான் திரண்டு நிக்கும்." நானா அடக்கி வைக்கிறவள்! என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டியா இருக்கும்மா. இத்தனை நாள் வாயில இருந்துச்சு, இப்ப கைக்கு இறங்கிடுச்சு" என்றார். அம்மாவும் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருக்கட்டும். அவருக்கு அடுத்த முடிவெட்டு என் கையில்தானே.

மார்ச் 14
கை டாக்டர் ஸ்கேன் பார்த்தார். கொழுப்பு இல்லையாம். (கூட வந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கணுமே!) தசைநாரை ஒட்டி அபூர்வமாக வருகிற கட்டியாம். "பார்த்தா சாதுவாத்தான் தெரியுது. ஆனா வேகமா வளருது. எடுத்துச் சோதிச்சிடலாம். கையை மட்டும் மரத்துப்போக வைப்போம், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "விரலோட உணர்ச்சி நரம்பு அது மேலயே ஓடுது" என்றார்.
உணர்ச்சி போய்விட்டால்? காது எது, முடி எது என்று இந்த விரல்தானே எனக்குச் சொல்லும்? வேற என்ன தொழில் தெரியும் எனக்கு — சாதுவாம் சாது. பயமா இருக்கு.

மார்ச் 22
ஆபரேஷன். திரைக்கு அந்தப் பக்கம் கையை வெட்டுகிறார்கள், இந்தப் பக்கம் வயிற்றுக்குள் உதை. "ஆடாதீங்கம்மா" என்றாள் நர்ஸ். "நான் ஆடல சிஸ்டர், உள்ள இருக்கற ஆளுதான்." டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்து முடித்தார்.

மார்ச் 23
நேற்று நான் சொல்லச் சொல்ல இவர் எழுதினார். இன்று நானே இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினமாதிரி இருக்கு. போதும்.

ஏப்ரல் 3
சாதுவேதான்! புற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அத்தை பெருமூச்சு விட்டார். "இந்த வீட்டுல சாதுவா இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வெட்டி எறிஞ்சுட்டாங்க." சிரிச்சு சிரிச்சு அழுதுட்டேன்.
கட்டைவிரல் மட்டும் மரக்கட்டை. நரம்பு அறுபடவில்லை, தூங்குகிறது என்கிறார் டாக்டர். எழுந்தாலும் எழுமாம், எழாமலும் போகுமாம். என்ன பதில் இது?

ஜூலை 2
மகள். தலையில் ஒரு முடி கிடையாது. பார்லர்காரி பெற்ற பிள்ளையைப் பாரு!

அக்டோபர் 18
பார்லரைத் திறந்தேன். விரல் இன்னும் எழவில்லை. வெளியாள் தலையில் கை வைக்கப் பயம். இவரைக் கூப்பிட்டேன். "பாப்பாவை யாரு வச்சுக்கறது?" என்று நழுவிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் நாற்காலிப் பக்கமே வராத அத்தை, கொண்டையை அவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.
"கழுத்து வரைக்கும் வெட்டு. என் தலையிலயே பழகிக்கோ. ஆனா காது ரெண்டும் எனக்கு வேணும், சொல்லிட்டேன்."
பின்பக்கம் முடித்தேன். வலது காதை மடக்கிக் கட்டைவிரலால் பிடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தேன். ஆமாம், விரலுக்குத் தெரிகிறது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கண்ணாடியில் நான் அழுவதைப் பார்த்து அத்தை போட்ட சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டாள்.
"அடிப்பாவி, வெட்டிட்டியா?"