கண்ணாடி ஜன்னலுக்குத் திரும்பி வந்த துவக்குகள்

அண்ணை,

இன்று குளிர் தொடங்கிவிட்டதென்று பழைய கோட்டை எடுத்துப் போட்டேன். பைக்குள் கல்லாய்க் காய்ந்த ஒரு தேசிக்காய். கண்டதும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே எரிச்சலும் வந்தது.

நாங்கள் கேட்டது பெரிய விஷயமா? பஸ் தரிப்புக்கு முன்னாலிருந்த வேட்டைச் சாமான் கடைக்காரன், ஜன்னலில் அடுக்கிய துவக்குகளை உள்ளே வைக்கவேண்டும், அவ்வளவுதான். ஊரில் சண்டைக்காலத்தில் வாசலுக்கு வந்த துவக்கைக் கண்ட நாளிலிருந்து உங்கள் மனைவி, எங்கள் அக்காவுக்கு, அதைப் பார்க்கவே ஏலாது. வேலைக்குப் போகப் பனிக்குள் அடுத்த தரிப்புவரை நடப்பா.

என் எட்டாம் வகுப்பு இங்கிலீசை நம்பி என்னையும் கூட்டிப்போனீர்கள். பெரிய மனிதரை வெறுங்கையோடு பார்க்கக்கூடாதென்று நகரசபை உறுப்பினரிடம் தேசிக்காயை நீட்டினோம். அவர் அதைத் தன் தேநீருக்குள் பிழிந்துவிட்டு, "துவக்குச் சட்டம் ஒட்டாவா அரசாங்கத்தினுடையது" என்றார். அவர் பிழிந்ததை என் பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒட்டாவாவுக்குப் போன எம்.பி.யின் கந்தோரில் வேலைசெய்கிறவர்கள், சட்டம்தான் தங்களுடையது, உள்ளூர் விஷயத்தைப் பொலிஸிடம் கேளுங்கள் என்றார்கள். பொலிஸ், கடை பற்றியதென்றால் நகரசபை என்றது. திரும்பப் போனோம். உறுப்பினர் விடுமுறையில். அன்று கொடுபடாத தேசிக்காய்தான் இது.

"தம்பி, உவங்கள் எங்களைப் பந்தடிக்கிறாங்கள்" என்று சொன்ன கையோடு நீங்கள் அந்தக் கடைக்குள்ளேயே நுழைந்தீர்கள். நான் வாயைத் திறக்கமுன், "மை வைஃப் அஃப்ரெய்ட்" என்றீர்கள். அந்த மனிதன் எழும்பி ஜன்னலடிக்கு வந்தான். பிறகு துவக்குகளை எடுத்துவிட்டுத் தூண்டில்களை வைத்தான்.

"ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சம். உவனை ஒருக்கா கேக்கேல்லையே" என்று வெளியில் வந்து தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

அவன் கடையை விற்றுவிட்டுப் போனான். போன மாசியில் நீங்களும் எங்களை விட்டு ஒரேயடியாய்ப் போய்விட்டீர்கள். புதிதாக வந்தவன் துவக்குகளைத் திரும்ப ஜன்னலில் அடுக்கியிருக்கிறான். நான் மறுபடி நகரசபை, எம்.பி. கந்தோர், பொலிஸ் என்று சுற்றிவந்தேன். ஆட்கள் மாறிவிட்டார்கள், பதில் மட்டும் மாறவில்லை. சட்டம் எல்லோருடைய கையிலும் இருக்கிறதாம், ஜன்னல் மட்டும் ஒருவருடைய கையிலும் இல்லையாம்! அக்கா மறுபடி அடுத்த தரிப்புக்கு நடக்கிறா. காரில் ஏறுங்கோ என்றால், "உமக்கேன் கரைச்சல், தம்பி" என்கிறா.

நாளைக்கு அந்தக் கடைக்குப் போகிறேன், அண்ணை. இந்த முறை நல்ல தேசிக்காய். நான் படித்த இங்கிலீஸ் ஒன்றும் இதற்கு உதவாது. உங்கள் மூன்று சொல்லைத்தான் கொண்டுபோகிறேன். 'வைஃப்' இருந்த இடத்தில் 'சிஸ்டர்' என்று போட்டுக்கொள்வேன்.