அந்த ஒரு வரிக்கு மட்டும் கையெழுத்து கிடையாது

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. ஹவுராவில் எங்க தெருவில் முழங்கால் அளவு தண்ணி. ஆத்தைக் கடக்கிற லாஞ்ச் படகு லேட். நனைஞ்ச சாக்ஸோட ஏழு பீரியட்.

இதைத் தமிழில் எழுதறேன். ஸ்கூலில் யாருக்கும் படிக்க வராது. எழுத்துப் பிழை இருந்தா இருக்கட்டும். அம்மா, கையில் கிடைச்சா மூடி வெச்சிடு.

பிசிக்ஸ் யூனிட் டெஸ்ட் பேப்பர் வந்தது. நாற்பதுக்கு ஒன்பது. டெஸ்டில் கடைசிப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை. அங்கே மூணு கணக்கு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மூணும் சரி.

கிளாஸ் டீச்சர் அனிந்திதா மிஸ், எல்லார் முன்னாடியும்: "ஷுபா, நீ முட்டாள் இல்லை. அதனாலதான் கோபம் வருது. நீ ஃபாங்கிபாஜ்." பெங்காலியில் டிமிக்கி கொடுக்கிற ஆள்னு அர்த்தம். வீட்டில் சுபா, அங்கே ஷுபா. ரெண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு.

ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. ரெண்டே வரி. முதல் வரி, "என் சோம்பலாலும் அலட்சியத்தாலும் மார்க் குறைந்தது." அடுத்தது, "அரையாண்டில் தேறாவிட்டால் சயின்ஸை விட்டு ஆர்ட்ஸுக்கு மாறச் சம்மதிக்கிறேன்." கீழே என் கையெழுத்து, அப்பா கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள்.

ரெண்டாவது வரி, சரி. முதல் வரி பொய்.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டுப் புழுக்கம். தொலைச்சது: காம்பஸ் பாக்ஸ், குடை (இந்த வருஷம் மூணாவது), மௌமிதாவோட கெமிஸ்ட்ரி நோட்டு. நோட்டு கிடைச்சிடுச்சு. என் பையிலேயே.

மௌமிதா என் பக்கத்தில் உக்கார்றவ. திட்டலை. அவளோட அக்கா காலேஜில் சைக்காலஜி. ஃபோனில் பதினெட்டு கேள்வி அனுப்பினாங்க. ஆரம்பிச்ச வேலையைப் பாதியில் விடறியா, யாராவது பேசும்போது நடுவில் காணாமப் போயிடறியா, அந்த மாதிரி. பதினஞ்சுக்கு ஆமான்னு போட்டேன். மிச்சம் மூணைப் போட மறந்துட்டேன். அக்கா சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்காம, "ஏ.டி.எச்.டி.யா இருக்கலாம். நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும்."

அம்மாகிட்ட சொன்னேன். "அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு வர்றது. ஃபோனைக் கீழ வை, சரியாயிடும்."

ஞாயித்துக்கிழமை ஃபோன் பீரோவுக்குள்ள இருந்தது. நாலு மணி நேரம் உக்காந்தேன். அதில் படிச்சது ரெண்டு பக்கம். ஒரே வரியைப் பதினோரு தடவை. கழுத்து வலி. சோம்பேறிக்குக் கழுத்து வலிக்குமா?

ஜூலை 10, வியாழன்

அப்பா ஹவுராவில் ஒரு சின்ன ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஃபார்மைப் பார்த்ததும் பேனாவை எடுத்துட்டார். "ஒரு கையெழுத்துதானே சுபா. போட்டுட்டு ஒழுங்காப் படி."

"நேத்து ஃபோன்ல யாரையோ திட்டினீங்களேப்பா. மெஷினில் வீணாப்போன பீஸுக்கெல்லாம் 'ஆபரேட்டர் அலட்சியம்'னு காரணம் எழுதினதுக்கு."

"அது வேற."

"என்ன சொல்லித் திட்டினீங்க?"

அப்பா பேனாவைக் கீழ வெச்சார். "அப்படி எழுதிட்டா எவனும் மெஷினைத் திறந்து பார்க்க மாட்டான்னு சொன்னேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

அம்மா சமையலறையிலிருந்து: "அப்பாகிட்ட வக்கீல் மாதிரிப் பேசாதே."

ஸ்கேல் வெச்சு முதல் வரியை அடிச்சேன். மேலே எழுதினேன்: "காரணம் இன்னும் தெரியவில்லை. கண்டுபிடிக்கப் போகிறேன்." அப்பா ரெண்டு தடவை படிச்சார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிட்டு அம்மாவைப் பார்த்து, "எந்த ஆஸ்பத்திரின்னு விசாரி."

அம்மா குக்கரை இறக்கற சத்தம் மட்டும் பெருசா.

ஜூலை 11, வெள்ளி

ஃபார்ம் மறக்காம எடுத்துட்டுப் போனேன். டிபன் பாக்ஸ் மறந்துட்டேன்.

மிஸ், "ஃபார்மில் அடிச்சு எழுதக் கூடாது." நேரா வைஸ் பிரின்சிபால் ரூம். ஏ.டி.எச்.டி.யான்னு டாக்டர்கிட்ட பார்க்கப் போறோம்னு சொன்னேன். சார் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "இப்பல்லாம் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வியாதி பேர் தெரிஞ்சிருக்கு."

சொல்லிட்டேன். "ஃபெயில் ஆனா ஆர்ட்ஸுக்குப் போறேன் சார், கையெழுத்து இருக்கு பாருங்க. செய்யாத தப்பை மட்டும் எழுதிக் கொடுக்க மாட்டேன்."

சார் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கொஞ்சம் தயங்கி, "கடைசிப் பக்கம் சுத்தமா வெறுமையா இருந்தது சார். தெரியாத பசங்க ஏதாவது கிறுக்கி வைப்பாங்க." என் பக்கம் பேசினாங்களா, சும்மா சொன்னாங்களா, தெரியலை.

சார் முடிவு: ஒரு மாசத்துக்குள் டாக்டர் லெட்டர். இல்லைன்னா பழைய ஃபார்ம்.

அப்புறம் பாத்ரூமில் அழுதேன். ரெண்டு நிமிஷம். அதையும் எழுதி வைக்கிறேன், மறைக்க ஒண்ணுமில்லை.

ஜூலை 23, புதன்

தூறல். அரசு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு. அம்மாவும் நானும். மூணரை மணி நேரம் வரிசை. பின்னாடி ஒரு அம்மா ஹிந்தியில் என்னைக் காட்டி, "பாத்தா நல்லாத்தானே இருக்கு பொண்ணு." நல்லாத்தான் இருக்கேன்.

டாக்டர் அம்மாகிட்டதான் முதல்ல கேட்டாங்க. சின்ன வயசில் எப்படி?

அம்மா ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லுவான்னு நினைச்சேன். அம்மா தன்னோட அரைகுறை பெங்காலியில் ஆரம்பிச்சு நிறுத்தவே இல்லை. யு.கே.ஜி.யில் ஒரு ஷூவோட வீட்டுக்கு வந்தது. மூணாம் கிளாஸில் வேற ஸ்கூல் வரிசையோட சேர்ந்து நடந்து போயிட்டது. வீட்டுப்பாடத்தை முடிச்சிட்டு அதை எடுத்துட்டுப் போக மறக்கிறது, பத்து வருஷமா. "திட்டினேன், அடிச்சும் பார்த்தேன். அவ உக்காராம இல்லை டாக்டர். உக்காந்தே இருப்பா. நான் பார்த்திருக்கேன்."

இவ்வளவும் ஞாபகம் வெச்சிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடிச்சதுக்குக் கோபம் இன்னும் இருக்கு. அதுவும் இருக்கட்டும்.

டாக்டர் இன்னைக்கு எதுவும் முடிவு சொல்லலை. மிஸ் நிரப்ப ஒரு படிவம், இன்னும் ரெண்டு தடவை வரணும். பரிசோதனை நடக்குதுன்னு ஸ்கூலுக்கு ஒரு லெட்டர். அம்மா அதைத் தன் பையில் வெச்சுக்கிட்டா. என்னை நம்பலை. சரிதான்.

பஸ்ஸில் அம்மா: "இது இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டா?"

"வேற என்னன்னு கேட்போம்."

"அரையாண்டில் ஃபெயில் ஆனா?"

"ஆர்ட்ஸில் உக்காந்துக்கிட்டும் பிசிக்ஸ் படிப்பேன். யார் தடுக்கப் போறாங்க?"

இப்போ சாயங்காலம் அஞ்சு. நாற்காலி வேண்டாம்னு முடிவு. ஃப்ரிட்ஜ் மேல புத்தகம், நின்னுக்கிட்டே மூணு பக்கம் ஆச்சு. அம்மா வந்து, "நகரு, தக்காளி எடுக்கணும்."

மாட்டேன்னு சொன்னேன். கதவைப் பாதி திறந்து, என் இடுப்புப் பக்கமா கையை விட்டு எடுத்துக்கிட்டுப் போனா.