அருவித் தண்ணீரில் வெந்த பருப்பு

இன்று காலை தண்ணீர் வடிகட்டியைப் பிரித்துக் கழுவினேன். அதன் நடுவில் நிற்குமே வெள்ளைக் குழல், நாம் கேண்டில் என்போமே, அதைத் தேங்காய் நாரால் தேய்க்கும்போது நனைந்த சாக்பீஸ் வாசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் முகர்கிற வாசனைதான். ஆனாலும் உன் நினைவு வந்து, வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தென்காசியில் அந்தப் பின்கட்டு வீட்டை நாம் சேர்ந்து வாடகைக்குப் பிடித்தபோது நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் கணக்கு டீச்சர். முற்றத்துக் குழாயில் வந்ததோ உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, காய்ச்சிய பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை படியும். வீட்டுக்கார ஆச்சி மணலும் கரியும் போட்டு மூன்று பானை அடுக்கச் சொன்னார். காய்ச்சிக் குடித்தால் போதும் என்றாய் நீ. நான்தான் பிடிவாதமாகத் திருநெல்வேலி போய், பீங்கான் ஜாடி வடிகட்டியை மடியிலேயே வைத்து ரயிலில் கொண்டுவந்தேன். முதல் தம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு நீ சொன்னாய்:

“இது அழுக்கத்தான் எடுக்கும் ஏட்டி. உப்ப எடுக்காது.”

எனக்குச் சுருக்கென்றது. என் கணக்கில் தப்பு என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. அது உனக்கும் தெரியும்.

கணவரையும், அடுத்த வருஷமே கைக்குழந்தையையும் பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்தவள் நீ. அதைப் பற்றிப் பேசவே மாட்டாய். ஐந்தருவிப் பக்கம் பாறை இடுக்கிலிருந்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த பெரணிச் செடியைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவாய். ஜன்னலோரம் மண்தொட்டியில் அது இருந்தது. உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாதென்று, ஞாயிறுதோறும் குற்றாலம் போய் ஒரு குடம் அருவித் தண்ணீர் பிடித்து, கண்டக்டரிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவாய். செடிக்குத் தினம் ஒரு தம்ளர் என்று அளந்து ஊற்றுவாய்.

அந்தக் குடத்தில்தான் நான் கை வைத்தேன்.

ஒருநாள் பருப்பு வேகாமல் ஆத்திரமாக வந்தது. குடத்திலிருந்து இரண்டு செம்பு மொண்டு உலையில் விட்டேன். குறைந்ததற்கு வடிகட்டித் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். இரண்டும் பளிங்காகத்தானே இருக்கிறது, செடிக்கென்ன தெரியப்போகிறது என்று எண்ணம். ராத்திரி நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே பருப்பு வெண்ணெயாக வெந்திருக்கிறது என்றாய். வடிகட்டித் தண்ணீர் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, பிறகு தினமும் அதையே செய்ய வேண்டிவந்தது.

மூன்று மாதத்தில் பெரணியின் நுனி கருகத் தொடங்கியது. நீ இடம் மாற்றினாய், மண் மாற்றினாய், ஜன்னலுக்கு ஈரத் துணி கட்டினாய். ஒரு சாயங்காலம் ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “பெத்ததும் தங்கல, வச்சதும் தங்கலியே” என்றார். பொல்லாத மனுஷி இல்லை அவர், வாய்தான். நீ தொட்டியைத் தூக்கிக் கொல்லையில் வைத்தாய். அதன்பின் நீ ஒரு செடியும் வைக்கவில்லை.

மறுநாள் குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. அருவித் தண்ணீர் படியாது. நீ சொன்னது சரி, நான் செய்தது தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும், புளி போட்டுக் குடத்தைப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்தேனே தவிர, உன்னிடம் வாய் திறக்கவில்லை. அடுத்த வருஷம் மாற்றல் கேட்டு அம்பாசமுத்திரம் போனாய். பஸ்ஸில் ஏறும்போது உன் கையைப் பிடித்தேன். “என் கை செடிக்கு ஆகாது ஏட்டி, உன் வீட்டுச் செடியத் தொடமாட்டேன்” என்று நீ சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது.

நீ இறந்துபோய்விட்டாய் என்று போன மாதம் கார்டு வந்தது. அன்றே ஆச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு இப்போது காது மந்தம். அதனால் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு ஆச்சி சொன்னார்:

“எங்கிட்ட எதுக்கு டீச்சர் சொல்லுதீய? அந்தப் பிள்ளகிட்டல்லா சொல்லியிருக்கணும்.”

அதனால்தான் எழுதுகிறேன். உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. செடியைக் கொன்றவள் நான்.

ஐந்தருவியிலிருந்து ஒரு பெரணி கொண்டுவந்து அதே ஜன்னலில் வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் குடத்தோடு போய்வருகிறேன், கண்டக்டர் என்னையும் ஏசுகிறார். குடத்துத் தண்ணீர் அதற்கு மட்டும்தான். பருப்பைக் குழாய்த் தண்ணீரிலேயே போடுகிறேன். வேகாத நாளில் அப்படியே மென்று தின்கிறேன்.