கெர்பெர்காவுக்கு ஒரு மூச்சுப் புள்ளி

கிறிஸ்துவுக்குள் என் உயிரான ஒடிலியாவுக்கு, ரைன் கரை மடத்திலிருந்து ரிகென்சா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடிருக்கிறோம். உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் ஆண்டவர் காக்கட்டும்.

தவக்காலம் பாதி போய்விட்டது. உப்பு மீன் தின்று தின்று நாக்கே செத்துவிட்டது. நீ அந்த மடத்துக்குப் போனபிறகு சாப்பாட்டு மேசையில் உன் இடத்தில் யூட்டா உட்காருகிறாள். சப்புக்கொட்டித் தின்கிறாள்.

உன் கடிதம் வந்தது. நான் சௌக்கியமா என்று ஒரு வரி, மீதியெல்லாம் உங்கள் மடத்துக் கெர்பெர்கா. அவளுக்குத் தேன் குரலாம். உனக்குக் கம்பளிக் காலுறை தைத்துக் கொடுத்தாளாம். பெரிய வியாழனன்று எரேமியாவின் புலம்பலை அவள்தான் பாடி வாசிக்கப் போகிறாளாம், நான் குறி போட்டு ஒரு பிரதி அனுப்ப வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யூட்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, ஒடிலியாவுக்குப் புது ஆள் கெடச்சிட்டாளா?" என்றாள். அன்றைக்கு முழுக்க அவளோடு நான் பேசவில்லை.

குறி போட்டுவிட்டேன். குரல் தாழ வேண்டிய இடம், ஏற வேண்டிய இடம், கேள்வி முடிகிற இடம் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் மூச்சுவிடும் புள்ளிகளை உன் நீண்ட மூச்சுக்குத்தான் வைத்தேன். கை அப்படிப் பழகிவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவாய். பொய். வேண்டுமென்றேதான் செய்தேன். அவளுக்கு இளைப்பு உண்டென்று நீயே எழுதியிருந்தாய். மூன்றாம் வசனத்தின் நடுவில் அவளுக்கு மூச்சு முட்டும். வரி அறுந்தால் எல்லோர் முன்னும் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மன்னிப்புக் கேட்க வேண்டும், உங்கள் மடத்திலும் அதே வழக்கம்தானே? அதை நினைத்துக்கொண்டே மையைத் தொட்டேன். மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

பிரதியைத் துணியில் சுற்றும்போதுதான் உறைத்தது. அவள் விழுந்தால் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கப் போகிறவள் நீ. அப்புறம் அவள் பக்கத்தைவிட்டு நகரவே மாட்டாய்.

அதனால் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வசனத்தின் நடுவில் ஒரு புள்ளி வேண்டும். நீயே வைத்துக்கொடு, என் கை அவளுக்காக அதை வைக்காது. இல்லையென்றால் அந்தப் பாடத்தை நீ வாசி. இங்கே அன்றைக்கு அதே பாடத்தை வாசிப்பது நான்தான்.

அவள் மூச்சுக்காக ஜெபிக்கப் பார்க்கிறேன். இன்னும் வாய் வரவில்லை. ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். சீக்கிரம் பதில் எழுது. அவளைப் பற்றி வேண்டாம்.

உன்
ரிகென்சா