ஒரு புள்ளி போதும்

உன் நாற்காலியில் கிடந்த சால்வையை இன்று எடுத்து மடித்தேன். ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய் நீ வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டது. டெல்லி வந்தும் விடாமல் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கும் காப்பிப்பொடியை அதில் சுற்றித்தான் பைக்குள் வைப்பாய். அந்த வாசம் இன்னும் போகவில்லை. புதிதாக வரும் பெண்ணுக்கு நாற்காலி வேண்டுமாம். அலுப்பாக இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

கோடு இன்னும் போட்டபாடில்லை. தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்தில் ஆன்டிபாடி எவ்வளவு இருந்தால் காய்ச்சல் அண்டாது என்று சொல்லும் அந்த ஒற்றைக் கோடு. அது கிடைத்துவிட்டால், அடுத்த ஊசி வரும்போது யார் யார் காய்ச்சலில் விழுகிறார்கள் என்று வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! நம் இரண்டு பேருக்கும் தலை நரைத்ததுதான் மிச்சம்.

ஜங்புரா பக்கம் கால்வாய் ஓரத்துக் குடிசைக் கேம்ப்பை இடிக்கும் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நமக்கு ரத்தம் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கேதான் இருந்தன. சிலர் ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போனார்கள், சிலர் எங்கே போனார்களோ. போன் போட்டால் எடுப்பதற்கு ஆள் இல்லை. கணினியில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘காய்ச்சல் பற்றித் தகவல் இல்லை’ என்று வந்து நின்றது. அதைக் காய்ச்சல் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளச் சொன்னார் டைரக்டர். அவர்களில் பலருக்கு ஆன்டிபாடி குறைவு. அப்படிக் கணக்கிட்டதும் கோடு சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. இனி வரும் எத்தனையோ பேரிடம் ‘உங்களுக்கு இது போதும்’ என்று சொல்லி அனுப்பிவிடும் கோடு அது. “அச்சா! இது போதும், இதையே முடிச்சுடுங்க” என்றார் அவர்.

நீ கண்ணாடியைக் கழற்றினாய். கோபம் வந்தால் உன் திருநெல்வேலி வெளியே வந்துவிடும். “ஏட்டி, தகவல் இல்லைன்னா நல்லா இருக்காவன்னு அர்த்தமா? வீட்டை இடிச்சுப் போட்டாச்சு. போன் எடுக்கலன்னு நாமளே சொகத்தை எழுதிக்கிடுவோமா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை துவாரகாவிலிருந்து என்னை இழுத்துக்கொண்டு நரேலாவுக்குக் கிளம்பினாய். மெட்ரோ, பிறகு பஸ், பிறகு வெயிலில் நடை. நான்தான் முனகிக்கொண்டே வந்தேன். கீமோ முடித்து நீ வேலைக்குத் திரும்பியிருந்த சமயம் அது. “மருந்து ஏத்துனவ நானே நடக்கேன். ஒனக்கு என்னட்டி நோவு?” என்றாய்.

விசாரித்து விசாரித்துச் செல்வியைக் கண்டுபிடித்தோம். ஜங்புராவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவள். நம் கணக்கில் அவள் சுகமாக இருந்தாள்.

“படுத்த படுக்கையா கெடந்தேன்க்கா. வூடு இடிக்கிறப்போ போனும் போயிடுச்சி. மருந்துக்கட பையாகிட்ட மாத்திர வாங்கிப் போட்டுக்கினேன். யாருக்குன்னு சொல்றது?”

நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். “புது போன் வாங்குனதும் எங்க ரெண்டு பேருக்கும் சனிக்கெழமை சனிக்கெழமை மெசேஜ்ல ஒரு புள்ளி அனுப்பு. எழுத வேண்டாம், பேச வேண்டாம். ஒரு புள்ளி போதும். காய்ச்சல்னா மட்டும் கூப்பிடு.” செல்வி சிரித்துவிட்டாள். “புள்ளி வெக்க எனக்குச் சொல்லித் தரணுமாக்கா? தெனம் வாசல்ல வெக்கிறதுதானே!”

பிறகு உனக்கு மறுபடியும் வந்தது. ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் கிடந்தபோது எனக்கும் அதே ஏற்பாட்டைச் செய்தாய். தினம் காலையில் ஒரு புள்ளி வரும். சில நாள் இரண்டு வரும். அன்று இட்லி உள்ளே போயிருக்கிறது என்று நானாக வைத்துக்கொள்வேன். ஒரு நாள் வரவில்லை. தகவல் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்று நீ சண்டை போட்டதைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உன் அண்ணன் கூப்பிட்டார்.

இன்று டைரக்டருக்கு இரண்டு கோடுகள் போட்டு அனுப்பினேன். காணாமல் போனவர்கள் எல்லோரும் சுகமாக இருந்தால் ஒன்று, எல்லோருக்கும் காய்ச்சல் வந்திருந்தால் ஒன்று. நடுவில் பெரிய இடைவெளி. “இது பதிலே இல்லையே, மேடம்” என்றார். ஆட்களைத் தேடிப் பார்க்காமல் இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது என்றேன். பெருமூச்சு விட்டார். மாதக் கடைசி வரை தந்திருக்கிறார். ஆக, மறுபடியும் நரேலா. இழுத்துக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை. முழங்கால் வலிக்கிறது. உன்மேல் கோபம்கூட வருகிறது.

சால்வையைப் பையில் போட்டுக்கொண்டு லிப்டில் இறங்கும்போது போன் அதிர்ந்தது. இன்று சனிக்கிழமை. செல்வியின் புள்ளி. இந்நேரம் உன் நம்பருக்கும் ஒன்று போட்டிருப்பாள். ஒரு வாரமும் விட்டதில்லை. அவளிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. தகவல் இல்லாததால் நீ சுகமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நாளைக்கு நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.