வாலில்லாத வசனம்

என் எமிலிக்கு,

செத்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. அது உனக்குத் தெரியும். நம்பாவிட்டாலும் எழுதுகிறேன். பாடசாலை மலரில் உனக்கென்று சில பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் உன்னை அணையாவிளக்கு, வாடாமலர் என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ விளக்கும் இல்லை, மலரும் இல்லை. சோற்றை அடிப்பிடிக்க விடுகிற, அடுத்த வீட்டு வளவுக்குக் கேட்கச் சிரிக்கிற ஒரு ரீச்சர். அதை யாராவது எழுத வேண்டாமா?

கிளிநொச்சியில் பாடசாலைக்குப் பின்னால் இருக்கிற இந்தக் குவாட்டர்ஸில் நாம் இருவரும் எத்தனை மாரி இருந்தோம்? நான் யாழ்ப்பாணத்திலிருந்து பட்டத்தோடு வந்த இங்கிலீஷ் ரீச்சர். நீ நாயாற்றுக் கடற்கரையிலிருந்து வந்து கீழ்வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். உன் இங்கிலீஷ் கன்னியர் மடத்தில் வாயாலே பழகியது. என்னுடையது புத்தகத்தில் படித்தது.

இராச்சாப்பாட்டின்போது இங்கிலீஷில்தான் பேசுவது என்று தொடங்கியது நான். இங்கே கிடந்து நாக்குத் துருப்பிடித்துவிடும் என்ற பயம். ஆனால் சட்டம் போட்டது நீ. ஒருவரும் மொட்டையாக வசனம் சொல்லக்கூடாது. எப்போது, ஏன், என்றாலும், இல்லாவிட்டால் என்று ஏதாவது ஒரு வால் பின்னால் வரவேண்டும். வாலில்லாமல் சொன்னவர் அன்றைக்கு இருவரும் சாப்பிட்ட கோப்பை கழுவ வேண்டும்.

"கறி நல்லாயிருக்கு" என்பேன் இங்கிலீஷில்.

உடனே நீ தமிழுக்கு இறங்கிவிடுவாய். "வால் எங்க, ரீச்சர்?"

"நல்லாயிருக்கிறதுக்கு என்ன வால்?"

"பசிச்சதால நல்லாயிருக்கோ, நான் காய்ச்சினதால நல்லாயிருக்கோ? ஒண்டும் சொல்லேல்லை. எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவுங்கோ."

வகுப்பில் நான் கரும்பலகையில் கோடு கிழித்து, இது தலைமை வசனம், இது அதன் வினையைப் பிடித்துத் தொங்குகிற துணை வசனம், இது காலம் சொல்கிறது, இது காரணம் சொல்கிறது என்று பிரித்துக் காட்டுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நீயோ அவற்றைக் கறிக்கு உப்புப் போடுகிற மாதிரிப் போடுவாய், பெரும்பாலும் கொஞ்சம் கூடவே. குசினி முழுக்கப் புகை மண்டிய பிறகும் 'ஐ திங்க்' என்று தொடங்கித்தான் சோறு கருகிய செய்தியைச் சொல்வாய். இதில் நினைக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், "ஆக்களைத் திடுக்கிடப் பண்ணக்கூடாது, அக்கா" என்பாய்.

தமிழில் நாம் காரணத்தை முதலில் சொல்லி, மெல்ல மெல்ல வந்து, கடைசியில்தான் வினையை வைக்கிறோம். கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து அதை மாற்றவும் இடமிருக்கிறது. அன்றாட இங்கிலீஷில் பெரும்பாலும் விஷயத்தை முன்னுக்கே போட்டுவிட வேண்டும். காரணம் பின்னால் ஓடிவரும். எனக்கு விஷயத்தோடு நின்றுவிடுகிற சுபாவம். அதனால் கோப்பை கழுவியது அனேகமாக நான்தான்.

போன மாரியில் உன் காய்ச்சல் இறங்காமல் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். கனகராயன்குளத்தில் வெள்ளத்துக்குள் கார் நின்றுவிட்டது. சாரதி தள்ளுவதற்கு ஆள் தேடிப் போனார். உன் தலை என் மடியில். "ஐ வில் பி ஓல் ரைட், இஃப் யூ ஸ்ரொப் லுக்கிங் அற் மீ" என்றாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் உனக்குச் சுகம் வந்துவிடுமாம்.

"கீப் குவயற்" என்றேன், பேசாமல் கிட என்று.

கண்ணைத் திறக்காமலே கேட்டாய்: "வால் எங்க, ரீச்சர்?"

சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு சாகும்வரை நீ சொன்னதெல்லாம் காய்ச்சல் பேச்சு. அதில் எனக்கென்று ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது என் வசனங்கள் எல்லாமே மொட்டைதான், எமிலி. வந்தேன். சாப்பிட்டேன். படுத்தேன். ஏன் பிந்தினது என்று கேட்க ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால், பஸ் வராததால் என்ற மற்றப் பாதி எதற்கு?

உனக்கு ஒரு புதினம். நான் வருடா வருடம் கேட்ட யாழ்ப்பாண இடமாற்றம் கிடைத்துவிட்டது. நான் விண்ணப்பம் எழுதும்போதெல்லாம், "இரணைமடுக் குளம் வத்தினாப் பிறகு போவியள்" என்று நக்கலடிப்பாயே. குளம் நிறைந்துதான் கிடக்கிறது. உத்தரவு மட்டும் வந்துவிட்டது. எல்லாப் பாடமும் தமிழுக்கு மாறிய பிறகு, இங்கிலீஷ் இனி எதற்கு என்று பெற்றோரே கேட்கிற காலம். அண்ணா, "தனியக் கிடந்து என்ன செய்யப்போறாய், வீட்டை வந்து சேர்" என்று எழுதியிருக்கிறார். அங்கே எனக்கொரு அறை உண்டு, வேளைக்குச் சாப்பாடு உண்டு. அவர் சொல்வதில் பிழை காண முடியவில்லை. புத்தகங்களைக் கட்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை உன் தங்கச்சி பிலோமினா நாயாற்றிலிருந்து வந்தாள், உன் சீலைகளை எடுத்துப்போக. ஒரு பை நிறையக் கருவாடும் கொண்டுவந்தாள்.

"இதென்ன ரீச்சரக்கா, எல்லாம் கட்டிக் கிடக்கு?"

"இடமாற்றம்."

"ஏன் போறியள்?"

"வந்திருக்கு. போறன்."

"எங்கட ரீச்சரிட்டக் கதை எடுக்கிறது பல்லுப் புடுங்கிற மாதிரி எண்டு அக்கா சொல்லுறவா. சரியாத்தான் சொல்லியிருக்கிறா."

உன் சிவப்புக்கரைச் சீலையை மடித்துக்கொண்டே, நீ கடைசியாக இங்கே என்ன சமைத்தாய் என்று கேட்டாள். முருங்கைக்காய்க் கறி என்றேன்.

"உப்புக் கூடவோ?"

"ஓம், கூடத்தான்."

"பாத்தியளே! எப்பவும் அப்பிடித்தான்." பெரிதாகச் சிரித்தாள். உன்னுடைய அதே சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. "அம்மாவுக்கு முன்னால அக்காவைப் பற்றிக் கதைக்க ஏலாது, அழத் தொடங்கீடுவா. மற்ற ஆக்கள் பூசை முடிஞ்ச கையோட மறந்திட்டினம். நீங்களும் போனா…"

அவ்வளவுதான். சீலையைப் பைக்குள் வைத்தாள்.

பிள்ளைகளின் கொப்பிகளில் இப்படிப் பாதியில் நிற்கிற வசனங்களைக் கண்டால், சிவப்பு மையால் 'முடிக்கவும்' என்று எழுதுகிறவள் நான். பிலோமினாவை முடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் சென்று, நான் போகவில்லை என்றேன்.

"காரணம் இல்லாமல் கல்விக் கந்தோரில ஏற்கமாட்டினம், ரீச்சர். சுகமில்லையோ?"

"சுகமாயிருக்கிறன்."

"அப்ப, வீட்டில ஏதும் பிரச்சினை?"

"வீட்டில நான் மட்டும்தான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல்வகுப்புக்கு இங்கிலீஷ் படிப்பிக்க வேற ஆள் இல்லாதபடியால் எண்டு போடுவமே?"

போடச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் நான் இருப்பது அதற்காக இல்லை. உன்னைப் பற்றிக் கதைக்க அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. எனக்கும் அவளை விட்டால் ஆளில்லை. இதை எந்தக் கந்தோருக்கு எழுதுவது?

அன்றைக்கு அந்தக் கருவாட்டில் இரண்டு துண்டைப் பொரித்துக்கொண்டு சாப்பிட இருந்தேன். எதிர்க்கதிரையில் இன்னும் உன் குடை தொங்குகிறது. கேட்க ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொண்டே வாய்விட்டுச் சொன்னேன்: "ஐ ஆம் ஸ்ரேயிங், ஓல்தோ யூ ஆர் நொட் ஹியர்." நீ இல்லாவிட்டாலும் இருக்கிறேன் என்று. வாலோடுதான் சொன்னேன், எமிலி. உன் சட்டப்படி, அன்றைக்குக் கோப்பை கழுவியிருக்க வேண்டியவள் நீ. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து பார்த்தேன். பிறகு எழும்பிப் போய் நானே கழுவினேன்.

கல்லறைத் திருநாளுக்கு நாயாற்றுக்கு வருவேன். மெழுகுதிரியைப் பிலோமினா கொளுத்தட்டும், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்று உன்னைப் பற்றிக் கதைப்பேன், இனி வீட்டை போவம் என்று அவளே சொல்லும்வரை. எதையும் மொட்டையாக விடமாட்டேன்.

கோப்பை கழுவுகிற,
உன் அக்கா