நைனா கேட்ட மோர்

எத்தனை முறை விழுந்தாலும் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வரும் என் நைனாவுக்கு,

நீ போய் ஒரு கோடை முடிந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. கரெண்ட் பில் இன்னும் உன் பேரில்தான் வருகிறது. மாற்ற வேண்டாம் என்கிறாள் அம்மா, விட்டுவிட்டேன்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், இருக்கிறேனா என்று தெரியவில்லை. ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறேன், ஷிப்ட் முடிந்து வருகிறேன், சாப்பிடுகிறேன். உனக்காக நான் இன்னும் அழவில்லை. சாவு வீட்டில் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து, "அழுதுடும்மா, மனசுலயே வெச்சிக்கினு கீறியே" என்றார்கள். மனசில் ஏதாவது இருந்தால்தானே அழுவதற்கு? பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். உத்திரமேரூர் கராத்தே வாத்தியார் சினிமா ஸ்டன்ட் மாஸ்டர் ஆன கதை வேண்டுமாம். அது என்ன பெரிய கதையா நைனா? கூலிக்கு நாற்றுப் பிடுங்கின நீ, செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் கராத்தே கற்றுக்கொண்டு வந்து, நெல் காயவைக்கிற களத்தில் வகுப்பு ஆரம்பித்தாய். "கூலிக்காரன் புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு கராத்தே?" என்று கேட்டவர்களின் பிள்ளைகளும் பிறகு அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். திருப்புலிவனத்தில் ஒரு ஷூட்டிங் நடந்தபோது மெட்ராஸிலிருந்து வரவேண்டிய ஃபைட்டர்கள் வரவில்லை. உன்னையும் உன் கூட்டாளி காதர் பாயையும் கூப்பிட்டார்கள். ஹீரோ கையை ஓங்கினதும் இரண்டு பேரும் பறந்து போய் வைக்கோல் போரில் விழுந்தீர்கள். அங்கே ஆரம்பித்து, விழுந்து விழுந்தே மாஸ்டர் ஆனாய்.

ஊருக்குத்தான் ஏமாற்றம். "ஹீரோவ நீ அடிச்சியா, உன்ன அவரு அடிச்சாரா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "யாரும் யாரையும் அடிக்கலபா. அடிபடாம எடுக்கத்தான் என்ன கூப்புடுறாங்கோ" என்பாய். உன் பேர் முதல் முதலாகத் திரையில் வந்த படத்துக்குக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போனோம். பஸ் லேட். நாங்கள் உள்ளே நுழையும்போது ஹீரோயின் ஆடிக்கொண்டிருந்தாள், உன் பேர் போயே போய்விட்டது. அம்மா உன்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நீ வீடு வந்து சேரும் வரைக்கும் சிரித்தாய்.

பத்திரிகைக்கு வேண்டியது இவ்வளவுதான். உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. அதற்கு முன்னால் படிக்கிறவர்களுக்கு நம் வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு படத்தில் காதர் பாய் மாடிப்படியில் உருண்டு வந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். "அய்யோ, அம்மா, விடு!" என்று கத்தினார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. டைரக்டர் "சூப்பர், சூப்பர்" என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். சண்டைக் காட்சியில் அம்மா என்று கத்துவதுதானே ஃபைட்டரின் வேலை? நிஜமாக வலித்தவன் வேறு எதைச் சொல்லிக் கத்துவான்?

கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரிடம் நீ போய்க் கேட்டாய். "காதரு, சண்டையில உன் வாயில வரவே வராத வார்த்தை எதுடா?"

"மோர்" என்றார் அவர். அவருக்கு மோர் வாசனையே ஆகாது.

அன்றிலிருந்து உன் யூனிட்டில் அதுதான் சட்டம். நடிக்கும்போது எதை வேண்டுமானாலும் சொல்லிக் கத்தலாம். நிஜமாக அடிபட்டால் "மோர்" என்று சொல்ல வேண்டும், காதில் விழுந்தவர்கள் ஷாட்டை விட்டுவிட்டு உதவிக்கு ஓடி வர வேண்டும். ஹீரோவுக்கும் அதே சட்டம்தான். முழங்கால் பிசகிய ஒரு பெரிய ஹீரோ அத்தனை பேர் நடுவில் "மோர், மோர்" என்று அலற, விஷயம் தெரியாத புரொடக்‌ஷன் ஆள் மோர் வாளியோடு ஓடி வந்ததை நீ நடித்துக் காட்டுவாய். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வார்த்தை களத்து வகுப்புப் பிள்ளைகளுக்கும், வீட்டுக்கும் வந்துவிட்டது. கையில் கொதிக்கிற எண்ணெய் பட்டபோது அம்மா அதைத்தான் சொன்னாள். பிரசவத்துக்குப் போகும்போது ஆட்டோவில் நானும் அதைத்தான் சொன்னேன். குடிக்கிற மோரை நம் வீட்டில் "தயிர்த்தண்ணி" என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, நீ களத்தோரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாய். நெஞ்சுவலி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது உன் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

காதர் பாய்க்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். "எங்க எல்லாத்துக்கும் வார்த்தைய குடுத்துட்டு, தான் மட்டும் சொல்லாமலே பூட்டாரு பாரு. பெரிய ஹீரோ" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அந்தக் கேள்விதான் இருந்தது. ஏன் சொல்லாமல் போனாய்?

காரியத்தன்று தேவகி அக்கா வந்தாள். களத்தில் நெல் தள்ளுகிற வேலைக்கு வருகிறவள், நம் தெருவுக்குப் புதிது. கையில் ஒரு சொம்பு. உன் போட்டோ முன்னால், படையல் இலைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"இன்னா அக்கா இது?" என்றேன்.

"மோரும்மா. உங்க நைனா கடைசியா கேட்டது. அன்னிக்கு நான் நெல்லு தள்ளிக்கினு இருந்தேனா, மரத்தாண்ட குந்தினு இருந்தவரு என்னப் பாத்து 'மோர்'னாரு. வெயிலுக்கு கேக்குறாருன்னு நெனச்சேன். திரும்பவும் 'மோர்'னாரு. நெல்ல அப்டியே போட்டுட்டு வூட்டுக்கு ஓடி, உப்பு போட்டு கலக்கி எடுத்தாந்தேன். சொம்ப பாத்ததும் சிரிச்சாரும்மா. ஒரு முழுங்கு குடிச்சாரு. அப்பாலதான் சாஞ்சிட்டாரு. போற உசுருக்கு ஒரு வாய் குடுத்தேன்ற புண்ணியம் எனக்கு கெடச்சிது."

பந்தலில் உன் யூனிட் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தேவகி அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாம்மா, தப்பா எதனா சொல்லிட்டனா? படையல்ல இத வெக்கக் கூடாதா?"

அவளுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தால் வீட்டுக்கு ஓடியிருக்க மாட்டாள். ரோட்டுக்கு ஓடியிருப்பாள், ஆட்டோ ஸ்டாண்ட் பக்கத்தில்தான். நீ பிழைத்திருப்பாயா? டாக்டரைக் கேட்கலாம். நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "நல்லா செஞ்ச அக்கா" என்றேன்.

காதர் பாய் எழுந்து வந்தார். "படைச்சாச்சி இல்ல? எனக்கு கொஞ்சம் ஊத்தும்மா" என்று தேவகி அக்காவிடம் டம்ளரை நீட்டினார். நின்றபடியே முழுசாகக் குடித்தார். "நல்லா கீதும்மா" என்று சொல்லிவிட்டு பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை இப்போது அவர்தான் எடுக்கிறார். ஆரம்பிப்பதற்கு முன் என்னிடம் வந்தார். "களத்த சுத்தி கீற எல்லாருக்கும் அந்த வார்த்தைய சொல்லி வெக்கணும்மா. நாளைக்கி ஒரு கொயந்தை அடிபட்டு மோர்னு கத்துனா, இன்னொருத்தரு சொம்போட ஓடுவாங்க." நியாயமான பேச்சு. ஆனால் சொன்னால் தேவகி அக்காவுக்கும் தெரிந்துவிடும். வருஷம் பூராவும் அந்தக் களத்தில்தான் அவளுக்கு வேலை, அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நெல் தள்ள வேண்டும். எப்படி நைனா சொல்வது?

அடிபடாமல் எப்படி எடுக்கலாம் என்றுதானே நீ முதலில் பார்ப்பாய். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். வார்த்தையையே மாற்றிவிட்டோம், உன்னைக் கேட்காமல். இப்போது பிள்ளைகள் "நெஜம்" என்று கத்த வேண்டும். களத்தைச் சுற்றி இருக்கிற எல்லோருக்கும் சொல்லியாயிற்று. தேவகி அக்காவையும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னார் காதர் பாய். "நெஜம்!" என்று கத்திவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும்போது அவள் பேரையும் வேறு சிலதையும் மாற்றியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தாலும் அவளிடம் போய் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொம்பைப் பார்த்து நீ சிரித்தாய் என்றாளே, எதற்குச் சிரித்தாய்? வாளியோடு ஓடி வந்த அந்த புரொடக்‌ஷன் ஆள் ஞாபகத்துக்கு வந்தானா? அவ்வளவு வலியிலுமா?

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். தேவகி அக்காவிடம் இதை எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன். கோடையில் அவள் மோர் கலக்கிக் கொண்டுவந்தால் வாங்கிக் குடிப்பேன், மோர் என்றே சொல்வேன். புண்ணியம் அவளுக்கே இருக்கட்டும்.

பழைய வார்த்தை இனிமேல் களத்தில் யாருக்கும் வேண்டாம். அதனால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மரத்துப்போனது விட ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. யாரும் ஓடி வர வேண்டாம், உன் காதில் விழுந்தால் போதும்.

மோர், நைனா. மோர்.

உன் பெரிய பொண்ணு,
செல்வி